கடைசி நாளில் நான் ஒப்படைக்காத சாவி

யுபிஎஸ்ஸின் முனகல், நனைந்த குடைகளின் வாடை, எப்போதும் சற்று அதிகமாகவே குளிரும் ஏசி... சேலையூர் கேம்ப் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்து அனுப்பும் வேலை. இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு மழைக்காலத்தில் அங்கிருந்து ஓய்வு பெற்றேன்.

கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. முடிந்த பக்கங்களை மாலையில் வாடிக்கையாளரின் சர்வரில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அங்கே நுழையப் பாஸ்வேர்டு கிடையாது, ஜோடிச் சாவி. பப்ளிக் கீ அந்த சர்வரில் என் பெயரோடு ஒரு வரியாக இருக்கும். அதன் ஜோடியான பிரைவேட் கீ என் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக்கூடாது. அந்த பிரைவேட் கீயோடு யார் வந்தாலும் சர்வர் நான் என்றே நம்பும்.

கடைசி நாள். பீரோ சாவி, பேக்கப் சிடிக்கள், எல்லாம் ஒப்படைத்தாயிற்று. மேனேஜர் சேகர் சார் பிரைவேட் கீயையும் கேட்டார். என் இடத்துக்கு வந்திருந்த ரஃபீக்கிடம் சிடியில் போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

"முடியாது சார். அவருக்குப் புதுசா ஒண்ணு போட்டுத் தரேன்."

"ஓடிக்கினு இருக்கறத ஏன் மேடம் நோண்டறீங்க? சாயங்காலம் ஃபைல் போகலன்னா கான்ட்ராக்டே போயிடும்."

"என் சாவியில அவர் போனா அங்க என் பேர்தான் பதிவாகும். நாளைக்கு எதாவது அழிஞ்சா, நான் அழிச்சதாத்தான் அர்த்தம்."

"வூட்டுக்கு எடுத்துனு போயி இன்னா பண்ணப் போறீங்க, ஊறுகா போடவா? சாவி வந்தாதான் ரிலீவிங் லெட்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கணவர் இறந்த பிறகு அந்த வேலைதான் எனக்கு எல்லாம். என் பெயரில் ஒரு குறை வந்ததில்லை. போன பிறகும் வரக்கூடாது.

ரஃபீக்கின் கம்ப்யூட்டரில் புதிய ஜோடியை உருவாக்கினோம். தன் பிரைவேட் கீயைப் பூட்டிவைக்கும் ரகசியச் சொல்லை அவர் தட்டும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீங்க பாத்தா என்னக்கா?"

"நான் பாத்துட்டா அது உங்களோடது மட்டும் இல்ல ரஃபீக்."

அவருடைய பப்ளிக் கீயை சர்வரில் என் வரிக்குக் கீழே ஒட்டினேன். அவர் நுழையப் பார்த்தார். சர்வர் மறுத்துவிட்டது.

"நாந்தான் அப்பவே சொன்னேனே!" என்றார் சேகர் சார்.

ஒட்டியபோது வரி இரண்டாக உடைந்திருந்தது. சேர்த்தேன். இம்முறை ரஃபீக் உள்ளே போனார். அன்றைய பக்கங்களும் போயின.

பிறகு சர்வரிலிருந்த என் வரியை அவர் கையாலேயே அழிக்கச் சொன்னேன். சரிபார்க்க, என் கம்ப்யூட்டரிலிருந்து நுழையப் பார்த்தேன்.

பெர்மிஷன் டினைட்.

இத்தனை வருடங்களில் ஒருநாளும் என்னை மறுக்காத சர்வர்... திருப்தியாக இருந்தது. பிரைவேட் கீயையும் அழித்தேன். சேகர் சார் ரிலீவிங் லெட்டரில் கையெழுத்திட்டார்.

இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். என் போனின் பின் நம்பர் மகனுக்குத் தெரியும், மருமகளுக்கும் தெரியும். "அவசரத்துக்கு வேணும்ல அம்மா" என்றான். நியாயம்தான், கொடுத்துவிட்டேன்.

போன வாரம் என் தங்கைக்குப் பிறந்தநாள். வாழ்த்து என் போனிலிருந்து நான் அனுப்பும் முன்பே போய்விட்டிருந்தது... ரோஜாப்பூ, கேக், மூன்று ஆச்சரியக்குறி.

"உன் மெசேஜ் பாத்து அழுதுட்டேன்க்கா" என்றாள் தங்கை.

நான் ஒருநாளும் மூன்று ஆச்சரியக்குறி போட்டதில்லை.