மகள் வீட்டு மாடிப்படி

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக நின்றவன் நான். ஆலப்பாக்கம் பக்கம் டிரைவர் பிரேக் அடித்தால் உட்கார்ந்திருப்பவர்கள் முன்சீட்டில் போய் மோதுவார்கள். நான் கம்பியைக்கூடப் பிடிக்காமல் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட கால்கள், ஓய்வு பெற்றதும் என் காலை வாரிவிட்டன. கால்களை மட்டும் குறை சொல்லக் கூடாது, தொப்பையையும் சொல்ல வேண்டும். ஏறி இறங்கி ஓடியதில் கரைந்துகொண்டிருந்த சோறெல்லாம் வீட்டில் உட்கார்ந்ததும் இடுப்பிலேயே தங்கிவிட்டது.

மகளும் மருமகனும் சிதம்பரத்தில் ஒரு வீடு வாங்கினார்கள். இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் மேலே போனார்கள். நான் முதல் மாடி திருப்பத்தைத் தாண்டவில்லை, வலது முட்டி பூட்டிக்கொண்டது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன மாமா, இங்கயே உக்காந்துட்டிங்க?" என்று கேட்டுக்கொண்டே ஆளாளுக்கு என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். பெண்ணைப் பெற்றவனுக்குக் கேசரியும் பொங்கலும் படிக்கட்டுக்கு இறங்கி வந்தன. அவமானத்தில் ஒரு வாய்கூட இறங்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அதன் பிறகு நான் எப்போது சிதம்பரம் போனாலும் மகள்தான் கீழே வருவாள். பைக்குகள் நிற்கிற இடத்தில் நின்று பேசுவோம். காப்பியைத் தட்டு போட்டு மூடிக் கொண்டுவருவாள். பெற்ற மகளின் சொந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கட்டடத்தின் கரண்ட் மீட்டர் பெட்டிதான். அடுப்பங்கரை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுக்குள் ஒரு முறையாவது காலை வைத்துவிட வேண்டும்.

கடலூரில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தேய்மானம் என்றார். "ஆபரேஷனுக்கு இப்ப அவசரமில்ல. வெயிட்டக் குறைங்க, தொடைக்கு பலம் ஏத்துங்க, முடிஞ்ச அளவுக்கு நடங்க." குறிஞ்சிப்பாடியிலிருந்து என்னைப் பார்க்க வந்த மனைவியின் தம்பி இதைக் கேட்டுக் கொதித்துப்போனான். "தேஞ்சி போச்சுங்குறாரு, அப்புறம் நடங்கறாரு. டயர் தேஞ்சா வண்டிய நிறுத்துவாங்களா, இன்னும் ஓட்டுவாங்களா? நீங்க கால நீட்டி உக்காருங்க மாமா."

டயர் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. பஸ்ஸிலேயே வாழ்ந்தவனுக்குப் புரியாதா? மழைக்காலம் முழுக்க டிவி எதிரே காலை நீட்டி உட்கார்ந்தேன். மழை விட்டபோது தொடை மெலிந்து, வயிறு பெருத்து, கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

அப்புறம்தான் செம்மண்டலத்தில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். என் மகள் வயசுதான் இருக்கும். நாற்காலியில் உட்காரவைத்து, "கால நேரா நீட்டுங்க, அப்படியே புடிங்க, மெதுவா இறக்குங்க" என்றார். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார். இதற்கா ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது. டயர் விஷயத்தைச் சொன்னேன். "முட்டி டயர் இல்ல சார். சும்மா போட்டு வெச்சாதான் அது கெட்டுப்போவும்" என்றார். ராத்திரியில் சோற்றை நிறுத்தவும் சொன்னார்.

சோற்றை நிறுத்துவது என் மனைவிக்குக் கைவந்த கலை. கிருத்திகை, வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் எங்கள் வீட்டில் சோறு கிடையாது, பலகாரம்தான். அதையே வாரம் முழுக்க நீட்டிவிட்டாள். ஒரு நாள் வேர்க்கடலைச் சட்னியோடு தோசை, ஒரு நாள் தேங்காய்ப்பாலோடு இடியாப்பம், ஒரு நாள் வெல்லமும் நெய்யும் தொட்டுக்கொண்டு அடை. நானும் மனக்கட்டுப்பாட்டோடு இருக்கிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, மனைவியோடு அந்த பிசியோதெரபி அம்மாவிடம் போய் எடை பார்த்தால் முள் முன்னைவிடத் தள்ளிப்போய் நின்றது.

"மெஷின் ரிப்பேரும்மா" என்றேன்.

"நைட் என்ன சார் சாப்பிடறிங்க?"

"சோத்தத் தொடறதே இல்ல. தோசதான்."

"எத்தன?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தோச மாவுக்கு எதம்மா ஊறவைக்கிறிங்க?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாராவாரம் அரிசி ஊறவைத்து அரைக்கிற வீடு. அது எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது அவள்மேல் எரிந்து விழுந்தேன். "என்னாங்க இது, நான் என்னா சோறா போட்டன்?" என்று அப்போதும் கேட்டாள்.

அதன் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் கடுப்பாக இருக்கிறது. ராத்திரிக்கு இரண்டு தோசை, அதைச் சுற்றிலும் கோட்டைச்சுவர் போலப் பொரியல். கல்யாண வீட்டுக்குப் போனால், "ஒரு வடையில என்னா வந்துடப் போவுது?" என்று இலையில் தள்ளுவார்கள். காலையில் எழுந்தால் முட்டி நேற்றுப் போலவே விறைத்து நிற்கும். இவ்வளவு பட்டினிக்கும் எடை கிராம் கிராமாகத்தான் இறங்கியது. வாசற்படியில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்வதைப் பார்த்து, எதிர்வீட்டுக்காரர் எதையாவது தொலைத்துவிட்டேனா என்று விசாரித்தார். வெறுத்துப்போய் எத்தனையோ நாள் துண்டைத் தூக்கி எறிந்தேன். மறுநாள் நானே எடுத்துச் சுருட்டினேன், அந்த மீட்டர் பெட்டியை நினைத்துக்கொண்டு.

பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்த பிறகு ஒரு நாள், பேங்குக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். "பெருசு, சீக்கிரம் ஏறு" என்றான் கண்டக்டர். என்னிடமே! பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

மகள் வீட்டுப் படியில் அந்த அம்மா சொல்லித் தந்தபடி நல்ல காலை முதலில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, கெட்ட காலை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். முதல் மாடியில் கதவைத் திறந்த ஒரு பெண், "யாரு வேணும்?" என்றார். "மேல போறன். எம் பொண்ணு வூடு" என்றேன். எனக்கே குரல் ஓங்கி ஒலித்தது. இரண்டாவது மாடியில் மூச்சு அடங்கும்வரை நின்றேன், சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், பிறகுதான் பெல்லை அடித்தேன்.

மகள் கதவைத் திறந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னப்பா இது! ஒரு போன் அடிச்சிருந்தா நானே கீழ வந்திருப்பேனே!"

எனக்கு வந்ததே கோபம். "எத்தன நாளைக்குத்தான் நீ கீழ வருவ? பெத்த பொண்ணு வூட்ட வெளிய நின்னே பாத்துட்டுப் போவணுமா நானு?" என்று கத்தினேன். கத்தும்போதே குரல் உடைந்துவிட்டது. அழுகையை அடக்க முடியவில்லை.

வாசலை அடைத்துக்கொண்டு நின்றவள் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கப்பா" என்றாள்.

அந்த வீடு வாங்கிய நாளிலிருந்து அவள் என்னை அப்படி அழைக்க வழியே இருந்ததில்லை. முட்டி விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.