டி.ஜே. பெட்டிக்கு ஒரு பை

இன்று புதுக்கோட்டையில் பாட்டுப் போடும் என் டி.ஜே. மிக்சர் பெட்டிக்குப் பை வாங்கப் போனேன்.

கடைக்காரர் கறுப்புப் பை ஒன்றைக் காட்டினார். உள்ளே தடித்த ஃபோம், வயருக்குத் தனி அறை. "உங்களுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு சார்."

"வேண்டாங்க. பார்த்தா துணிமணிப் பை மாதிரி இருக்கணும்."

"ஏன் சார், திருட்டுப் பயமா?"

அக்கா பயம். அவள் மகனுக்குக் கல்யாணம், நான் தாய்மாமன். காலையில் போனில் சொன்னாள்: "தம்பி, பாட்டு நீதான் போடணும். ஆனா சீர் கொண்டுவர்ற மாமன் அந்தப் பெட்டியோட வந்தா சம்பந்தி வீட்ல என்ன நெனைப்பாங்க? மறைச்சு எடுத்துட்டு வா."

எம்.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்தபோது, விசேஷங்களுக்கு வராதே என்றவளும் இவள்தான்.

ஃபோம் இல்லாத பயணப் பையை வாங்கினேன். நான் உடுத்த வேண்டிய பட்டு வேட்டியைத்தான் பெட்டிக்குச் சுற்ற வேண்டும்.

சரி, பாட்டுப் போடும்போது என்னை எதற்குள் வைத்து மறைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.