என் காலுக்கு இருந்த மரியாதை

போன வாரம் பக்கத்துத் தெருக்காரர் இடுப்பைப் பிடித்தபடி வந்து நின்றார். "அண்ணே, சுளுக்கு. கால் வெச்சு வுடு."

மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்!

காலை முதலில் நீட்டிக்கொண்டு பிறந்தவன் நான். எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் இது ஒரு டிகிரி. நான் காலால் மூன்று தடவை நீவினால் சுளுக்கு ஓடிவிடுமாம். படிக்காமலே டாக்டர்... கசக்குமா?

தங்கை மகள் செல்விக்குப் பதினொரு வயது. இரண்டு மாதத்துக்கு முன், கரையில் கிடந்த ஃபைபர் படகிலிருந்து குதித்தவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படம் குப்பத்து போன்களில் எல்லாம் சுற்றியது. அன்றைக்கு நாங்கள் அத்தனை பேரும் எலும்பு நிபுணர்கள்! "இன்னா இருக்குது இதுல? எலும்பு ஒடையல, சுளுக்குதான்" என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. உடனே என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் பெருமையாக நீவினேன்.

"கால் தூக்க வரல மாமா" என்றாள் செல்வி.

"வரும், பொறு" என்றேன். திமிரைப் பாருங்கள்!

நாலாம் நாள் அவள் தன் காலைக் கையால் தூக்கிக் கட்டிலிலிருந்து இறக்கியதைத் தங்கை பார்த்துவிட்டாள். சென்னைக்கு ஓடினோம். அங்கே டாக்டரம்மா படத்தை ஓரமாக வைத்தார். "காலை நீட்டி, அப்படியே தூக்கும்மா." செல்வி பல்லைக் கடித்தாள். குதிகால் அசையவில்லை.

பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லின் ஓரம் குருத்தெலும்பாம், எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாதாம். அதுதான் தசைநாரோடு உரிந்து வந்திருக்கிறது. அபூர்வமான முறிவு — ஆபரேஷன் செய்து தைக்க வேண்டும், விட்டால் காலை நீட்டி நடக்கவே முடியாது என்றார்.

முழங்காலில் கன்றியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "யார் இதை நீவினது?" என்றார்.

நான் ஃபேனைப் பார்த்தேன். "எங்கண்ணன்தாம்மா... காலால" என்றாள் தங்கை.

சில்லில் துளையிட்டு, கெட்டி நூலால் இழுத்துத் தைத்தார்கள். அது முடியும்வரை தியேட்டர் வாசலில் நின்றேன். என் காலைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. எதற்கு எக்ஸ்ரே, எதற்கு இத்தனை நிபுணர்கள்? செல்வி சொன்னதைக் கேட்டிருந்தால் போதாதா?

முந்தாநாள் மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சொன்னதும் செல்வி காலை நீட்டி உயர்த்தினாள்... நாலு விரல் உயரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "வலிக்குதா கண்ணு?" என்று கிட்டே போனேன்.

"வலிக்கல மாமா. நீ கொஞ்சம் தள்ளி நில்லு."