சிவப்பு மை சூப்பர்வைசர்

எங்கள் சலவை ஆலையில் பதினாறு வருடம் சூப்பர்வைசராக இருந்த ஆளைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. இருந்ததை எழுதுகிறேன்.

ஆள் குள்ளம். சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா. நாங்கள் வைத்த பெயர் 'இஸ்சு'. ஓட்டல் விரிப்புகளைத் துவைத்து, நீராவி உருளையில் விட்டுத் தேய்த்து அனுப்புவது எங்கள் வேலை. ஷிப்டு முடிந்ததும் இயந்திரம் எப்படி இருக்கிறது என்று சுவரில் தொங்கும் நோட்டில் இங்கிலீஷில் எழுத வேண்டும். முதலாளி தமிழ் பேசுவார், படிக்க வராது. எங்களுக்கு இங்கிலீஷ் தகராறு. நடுவில் இந்த மனுஷன்.

ஒன்றுக்கு 'ஆர்' போட்டாலும் பலதுக்கு 'இஸ்' போட்டாலும் அவருக்குப் பொறுக்காது. டீ நேரத்தில் நோட்டை விரித்து எல்லார் முன்னாலும் வாசிப்பார்.

"'ஷீட்ஸ் இஸ் வெட்'டாம்! யாரு இந்த மேதை?"

"நான்தான் சார்," என்றாள் மடிப்பு மேசை அக்கா. "ஈரம்னு புரிஞ்சுதுல்ல?"

"புரியறது வேற, சரியா எழுதறது வேற."

"துணி காயறதுக்கு இதுல எது வேணும் சார்?"

சிரித்தோம். அந்த மாதம் முழுக்க அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவே விழவில்லை.

அப்புறம் எவன் எழுதுவான்? எது ஆடினாலும் எது ஒழுகினாலும் 'ஓகே' என்று இரண்டு எழுத்தைக் கிறுக்கிவிட்டு நடையைக் கட்டினோம்.

என் மச்சான், மனைவியின் தம்பி, உருளையில் நிற்பவன். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி ஒரு செவ்வாய்க்கிழமை கழன்று விழுந்தது. விரிப்போடு சேர்ந்து அவன் கையும் உள்ளே போனது. இரண்டு விரல் போச்சு.

விசாரணையில் நம்ம 'இஸ்சு' நோட்டை முதலாளியிடம் நீட்டினார். "முந்தின நாள் இவனே ஓகேன்னு எழுதிருக்கான் சார். எல்லாம் இவன் அஜாக்கிரதை."

அந்தப் பழி நின்றால் மச்சான் வேலை போச்சு. எட்டு விரல்காரனை வேறு எவன் சேர்ப்பான்?

மச்சான் என் காதைக் கடித்தான். "மாமா, மூணு வாரத்துக்கு முன்னாடியே எழுதினேனே. டீ நேரத்துல கிழி கிழின்னு கிழிச்சாரே. அப்புறம்தான் நானும் ஓகேன்னு போட ஆரம்பிச்சேன்."

நோட்டைப் பிடுங்கிப் பின்னால் புரட்டினேன். இருந்தது. 'ரோலர் கார்டு ஆர் லூஸ்.' தடுப்புக் கம்பி ஆடுகிறது என்று. 'ஆர்' அடிக்கப்பட்டு மேலே சிவப்பில் 'இஸ்'. ஓரத்தில் அவர் கையெழுத்து, தேதி.

முதலாளி பார்த்தார். "படிச்சிருக்கீங்க. கம்பிய ஏன் மாத்தல?"

"நான்... எழுத்தைத்தான் பார்த்தேன் சார்."

பொய் சொல்லவில்லை அந்த ஆள். அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

மச்சானுக்கு வாசலில் வண்டிகளுக்குக் கேட் திறந்துவிடும் வேலை கொடுத்தார்கள். சூப்பர்வைசரை அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஒருநாள் ஆரஞ்சுப் பழப் பையோடு எங்கள் படியேறி வந்தார்.

"வரச் சொல்லுங்க மாமா," என்றான் மச்சான் உள்ளேயிருந்து. அவன் நல்லவன். நான் அப்படியில்லை. கதவில் கையை வைத்துக்கொண்டே நின்றேன்.

"போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன்," என்றேன். "போங்க."