முந்திரித் தோட்டம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் உபதேசியார் அலோசியஸுக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது. அவரே ஓயாமல் அப்படிச் சொல்லிக்கொண்டதால் வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலவாக்கலையிலிருந்து பூசை வைக்கும் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் இவருடையது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிறு, ஆண்டவருடைய முந்திரித் தோட்டத்தைப் பற்றிப் பேசினார். பழைய வேதப்புத்தகத்தில் திராட்சைக்கு முந்திரி என்றுதான் பெயர். நம்ம உபதேசியாருக்கு அது எங்கே தெரியும்?

"முந்திரின்னா என்னா? நம்ம கஜுதான்! அதுலதான் பூசைக்கு ரசம் எடுக்கிறாங்க" என்று அடித்துவிட்டார். நாங்கள் வாயைப் பிளந்தோம். அதைப் பார்த்ததும் மனுஷருக்குக் கிறுக்கு ஏறி, கோயிலுக்கே ஒரு முந்திரித் தோட்டம் போடக் கிளம்பினார்.

கோயிலுக்குப் பின்னால் அந்தோனியம்மா, பட்டணத்தார் பீன்ஸ் என்கிற போஞ்சி போட்டிருந்தாள். புருஷனை இழந்தவள். கொழுந்து பறித்துவிட்டு வந்து அவள் கொத்திக் கிளறிய துண்டு நிலம் அது. பிள்ளைகளுக்கு ரொட்டியோடு தின்ன அந்தப் போஞ்சிதான் இருந்தது.

"எம் புள்ளைங்க வயித்துல அடிக்காதீங்க, உபதேசியாரே."

"ஆண்டவருக்குக் குடுக்க மனசு வரலியா ஒனக்கு?"

பூவும் பிஞ்சுமாக இருந்த கொடிகளை ஆள்விட்டுப் பிடுங்கச் செய்தார். அவருடைய கைதான் மண்ணைத் தொடாதே! நீர்கொழும்பிலிருந்து வந்த கஜுக்கொட்டை முளைத்து, பனியில் கருகிச் செத்தது. விசுவாசம் குறைந்த சனங்கள் என்று எங்களையே திட்டினார், வெட்கங்கெட்ட மனுஷர்.

அடுத்த முறை வந்த சாமியார் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"அது கொடிமுந்திரி, அலோசியஸ். திராட்சை. கம்பில் படரும் கொடி."

"நானும் அதத்தான் சொன்னேன் சாமி. இதுங்களுக்குத்தான் வெளங்கல."

மறுநாளே வரிசையாகக் கம்புகள் நடவைத்தார். நாற்றுத் தேடி நுவரெலியாவுக்குப் பஸ் ஏறி, வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் சில நாளில் கம்படியில் பச்சையாகத் துளிர்த்தது.

"புதுமை! ஆண்டவரே திராட்சை முளைக்க வச்சிட்டாரு!" என்று கோயிலில் முழங்கினார். தினமும் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினார். எங்களுக்கு அது என்னவென்று முளையிலேயே தெரியும். அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

சாமியார் மறுபடி வந்தபோது கம்பெல்லாம் போஞ்சி தொங்கியது.

"யார் நட்டது?"

"நாந்தாங்க சாமி," என்றாள் அந்தோனியம்மா. "கம்புல படர்ற கொடின்னு நீங்கதானே சொன்னீங்க."

"அப்படியானால் நீயே பறித்துக்கொள். இது உன் இடம்."

அலோசியஸ் வாளியும் கையுமாக நின்றார். அன்று முதல் நாங்கள் குடியிருந்த லயத்தில் போஞ்சிக்கு முந்திரி என்றுதான் பெயர். அவர் அந்தப் பக்கம் வந்தால் சற்று உரக்கவே சொல்வோம்.