பொன்னாடை போர்த்திய படம்

பயம் மதுமதிக்குக் கூடவே பிறந்தது. கூட்டம் நடத்துவதுதான் பிழைப்பு, ஆனால் கூட்டம் என்றாலே ஓரமாக ஒதுங்கி நிற்கத் தோன்றும். முன்பு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். இப்போது தொண்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி, அடுத்த மூன்று வருஷத்தில் என்ன செய்வது என்று திட்டம் போட உட்காரும்போது, நடுவில் நின்று எல்லாரையும் பேசவைப்பவள். நடத்துகிறவளுக்குச் சொந்தக் கருத்து கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். வாயைத் திறந்தால் வம்பு என்று நினைக்கிறவளுக்கு அது வசதிதான்.

அன்று வீரபாண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். பனியன் தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகளின் கூட்டமைப்பு. மதுமதி வருஷத்துக்கு ஒரு சார்ட்டைச் சுவரில் மாட்டி, பேசப் பேசக் கலர் அட்டைகளை ஒட்டிக்கொண்டே போனாள். 'பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம்' என்ற அட்டை மூன்றாம் வருஷத்துக்குத் தள்ளப்பட்டது. முதல் வருஷம் முழுக்க ஆய்வும் பயிலரங்கமும். நம் ஆட்களுக்கு அதில்தான் ருசி.

மத்தியானத்துக்கு மேல் வினிதா பேசினாள். விளாத்திகுளத்துப் பெண், ஒரு பெரிய கம்பெனியில் டெய்லர், தங்குவது கம்பெனி விடுதியில். சூப்பர்வைசர் தொட்டுத் தொட்டுப் பேசுவதையும், புகார் சொன்ன தோழியை விடுதி அறையில் வைத்துப் பூட்டியதையும் சொன்னாள். பேரும் முகமும் வெளியே போகாது என்று மதுமதி வாக்குக் கொடுத்த பிறகுதான் வந்திருந்தாள். அதற்காகவே எல்லார் போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்திருந்தாள் மதுமதி.

ஆனால் நம் ஊரில் பொன்னாடை இல்லாமல் ஒரு கூட்டம் முடியுமா? தலைவர் கிட்டுசாமி ஒரு காலத்தில் நிட்டிங் யூனிட் வைத்திருந்தவர். நல்ல மனுஷர், ஆபத்தே அதுதான். போன்கள் கைக்குத் திரும்பியதும் வினிதாவின் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார். மதுமதி அந்தப் பக்கம் திரும்பிச் சார்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டேட்டஸ் வெச்சுட்டனுங்க மேடம்," என்று போனைக் காட்டினார். "தைரியமான புள்ளைங்க."

படத்துக்குக் கீழே 'கொடுமையை எதிர்த்துப் பேசிய வீரமங்கை' என்று வேறு.

 மதுமதி போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்தாள். கிட்டுசாமியின் பழைய தொழில் பழக்கத்தில் ஊரிலுள்ள மேனேஜர்கள் நம்பரெல்லாம் அதில் இருந்தன. தரணீதரன் பார்த்திருந்தார். வினிதாவின் கம்பெனியில் ஹெச்.ஆர். அவர்தான். படத்தை அழித்தாள். அழித்து என்ன?

"அய்யோ சாமி, கௌரவம் பண்ணோணும்னுதானுங்க..." கிட்டுசாமிக்கு முகம் செத்துவிட்டது.

வினிதாவின் போன் அடித்தது. விடுதி வார்டன். அவள் எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் அடித்தது.

"ஏக்கா, நான் இப்ப எங்க போவேன்?"

மதுமதி எல்லாரையும் பார்த்து, வழக்கமாக ஒவ்வொரு அட்டைக்கும் கேட்பது போலவே கேட்டாள். "இதை யாருங்க எடுத்துக்கறீங்க?"

மூன்று வருஷத்துக்குத் திட்டம் போட்ட கூட்டத்தில் ஒருவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தங்குமிடம் நடத்தும் ரோஸ்மேரி, கமிட்டியைக் கேட்காமல் முடியாது என்றார். கிட்டுசாமி "எங்க ஊட்டுக்கு" என்று ஆரம்பித்து, தரணீதரன் முதலில் தேடி வருவது அங்கேதான் என்று உறைத்து நிறுத்திக்கொண்டார்.

மதுமதியின் வீட்டிலும் சிக்கல் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் புருஷன் வேல்குமார் சின்னதாகத் தையல் யூனிட் போட்டிருந்தான். அங்கே தைப்பதெல்லாம் வினிதாவின் கம்பெனி கூலிக்குக் கொடுக்கும் ஜாப் ஒர்க். அது நின்றால் வீடே நின்றுவிடும்.  ஆனால் வாக்குக் கொடுத்தது அவளல்லவா.

"நான் கூட்டிட்டுப் போறனுங்க," என்றாள்.

வெளியே வந்ததும் வேல்குமாருக்குப் போன் போட்டு, கம்பெனிப் பேரையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடும் சத்தம்தான் கேட்டது. 

"மெயின் ரோட்டுல வராத," என்றான் கடைசியில். "வண்டிய உள்ளார ஏத்திட்டுக் கேட்டைப் பூட்டீரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "மது, எனக்குப் பயமா இருக்குது."

"எனக்குந்தானுங்க," என்றவள், ஸ்கூட்டரில் தொங்கிய தன் ஹெல்மெட்டை எடுத்து வினிதாவின் தலையில் மாட்டி, கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டாள்.