கடைசி டிடெக்டரில் இருக்க வேண்டிய ரெசிஸ்டர்

ஹவுராவில் ஒரு சணல் கிடங்கு. காளிகாட் சந்துக்குள், ஏணியைத் திருப்பக்கூட இடமில்லாத ஒரு தங்கும் விடுதி. ஹல்தியாவில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் நான்கு ஷெட். பைபாஸ் ரோட்டில் பதினொரு மாடி ஆபீஸ். இவை அத்தனைக்கும் ஃபயர் அலாரம் பேனல் மாட்டி, கம்பி இழுத்து, ஓட்டிக் காட்டியவன் நான். படிப்பு ஆறாம் வகுப்பு. அதிலும் முழு ஆண்டுப் பரீட்சை வரை போகவில்லை. ரெசிஸ்டரின் கலர் கோடு எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் மனப்பாடம் ஆனது. என் இங்கிலீஷ் முழுவதும் பேனலின் முகப்பிலிருந்து வந்தது: ஃபயர், ஃபால்ட், சைலன்ஸ், ரீசெட். இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு பத்து இன்ஜினியர்களை வேலை வாங்கியிருக்கிறேன். அவர்களிடம் நாற்பதாயிரம் வார்த்தை இருந்தது. ஸ்க்ரூடிரைவர்தான் இல்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு டிப்ளமோவோடு வருகிறவர்களுக்காக, கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தில் நடந்ததை எழுதுகிறேன். பெருமையும் உண்டு, மற்றதும் உண்டு. இரண்டையும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

1. சிவப்புப் பெட்டி வந்த கதை

அந்தக் கட்டடத்தின் அசோசியேஷன் செயலாளர் ராமசேஷன் சார். பாங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது. முதல் நாள் நான் பேனலைச் சுவரில் வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"என்ன வேலாயுதம், இந்தச் செவப்பு கண்ண உறுத்தறதே. க்ரீம் கலர்ல கெடைக்காதோ? லாபிக்கு மேட்ச் ஆகும்."

"கெடைக்கும் சார். தீயும் க்ரீம் கலர்ல வந்தா பொருத்தமா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. நல்ல ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேனல் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: மாடிக்கு ஒரு ஜோன். ஜோனுக்கு இரண்டு கம்பி. அந்தக் கம்பி, புகையை மோப்பம் பிடிக்கும் டிடெக்டர் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே போய், கடைசி டிடெக்டரில் ஒரு சின்ன ரெசிஸ்டரில் முடியும். மஞ்சள், ஊதா, சிவப்பு; நாலு புள்ளி ஏழு கே. பேனல் அந்த ரெசிஸ்டர் வரைக்கும் துளி கரண்டை அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் கம்பி அறுந்தால் மஞ்சள் விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும். புகை வந்தால் சிவப்பு விளக்கு, மாடிக்கு மாடி ஹூட்டர் அலறும். எல்லாம் சரி என்றால் பச்சை. இதைக் கண்டுபிடித்தவன் புத்திசாலி. அதை ஏமாற்றக் கண்டுபிடித்தவர்கள் அவனைவிடப் புத்திசாலிகள்.

எப்படி ஏமாற்றுவது? கடைசி டிடெக்டரில் வைக்க வேண்டிய ரெசிஸ்டரைப் பேனலுக்குள்ளேயே, கம்பி கிளம்பும் டெர்மினலில் முறுக்கி வைத்துவிட வேண்டும். வெளியே கம்பி இருக்கிறதா, அறுந்ததா என்று பேனலுக்குத் தெரியாது. டாக்டர் நோயாளியின் கையை விட்டுவிட்டுத் தன் கையிலேயே நாடி பார்த்து, "பேஷ், நன்றாக இருக்கிறது" என்று சொல்வதைப் போல. பச்சை விளக்கு எரியும். எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம்.

2. லட்சுமி பூஜையும் தூனோவும்

இரண்டாம் மாடியில் முன்பக்கம் அசோசியேஷன் ஹால். பின்பக்கம் சுமித்ரா மேடத்தின் கோச்சிங் சென்டர். ஒரே நேரத்தில் அறுபது பிள்ளைகள் உட்காருவார்கள். இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு. ஹாலில் ஒரு டிடெக்டர், அதைத் தாண்டி கோச்சிங்கில் ஆறு. எல்லாம் ஒரே ஜோன்.

துர்கா பூஜை முடிந்து ஹாலில் லட்சுமி பூஜை. மண் சட்டியில் தேங்காய் நாரைப் பற்றவைத்து, அதன் மேல் சாம்பிராணியைத் தூவி, தூனோ போட்டார்கள். அந்தப் புகையில் பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாது. அப்படி இருந்தால்தான் பூஜை பூஜையாக இருக்கும். என் டிடெக்டருக்கு லட்சுமியும் தெரியாது, தூனோவும் தெரியாது. ஹூட்டர் கத்தியது. தேவியைத் தனியே விட்டுவிட்டு பக்தர்கள் எல்லாரும் தெருவுக்கு ஓடினார்கள்.

கேர்டேக்கர் நிதாய்தா (தா, தாதா என்றால் இங்கே அண்ணன்) ஸ்டூலில் ஏறி டிடெக்டரின் தலையைத் திருகிக் கழற்றிவிட்டார். "கிச்சு ஹோபே நா, தாதா" என்றாராம். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். கல்கத்தாவில் பாதிக் கட்டடங்கள் இந்த மூன்று வார்த்தையின் மேல்தான் நிற்கின்றன. தலையைக் கழற்றினால் கம்பி அந்த இடத்திலேயே அறுந்த மாதிரி. அதற்கு அப்புறம் உள்ள ஆறும் செத்துப்போகும். பேனலில் மஞ்சள் விளக்கு எரியும்.

எரிந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ராமசேஷன் சார் என்னைக் கூப்பிட்டார். பதினொரு மணிக்குக் கன்சல்டன்ட் வந்து, வேலை முடிந்தது என்று சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டிய நாள்.

"வேலாயுதம், அந்த மஞ்ச லைட்டு போகணும். அவ்வளவுதான். எப்படின்னு நான் கேக்கமாட்டேன்."

"ரெண்டாம் மாடில எங்கயோ லைன் விட்டிருக்கு சார். ஹாலத் தொறந்து விடுங்க, பாக்குதேன்."

"சாவி நிதாய்ட்ட இருக்கு. நிதாய் மேதினிபூர்ல இருக்கான்."

நான் என்ன செய்தேன்? பையில் கையை விட்டு, மஞ்சள், ஊதா, சிவப்பை எடுத்து, பேனல் டெர்மினலில் முறுக்கினேன். பச்சை. கன்சல்டன்ட் வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்து லாபி சோஃபாவில் உட்கார்ந்தார். பச்சையைப் பார்த்தார், இரண்டு சந்தேஷ் இனிப்பு சாப்பிட்டார், கையெழுத்துப் போட்டார். ஹெல்மெட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சந்தேஷ் மேலே விழுந்துவிடப் போகிறது என்று பயந்திருப்பார்.

நாளைக்கு வந்து சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு ஹல்தியாவில் வேலை இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். தள்ளிப்போட்டேன். ஐந்து மாதம்.

3. பஸ்ஸர் கத்திய மூன்று நாள்

சர்வீசுக்கு வந்து பேனல் கதவைத் திறந்தேன். ரெசிஸ்டர் அப்படியே இருந்தது. முறுக்கின விதத்தைப் பார்த்தாலே யார் கை என்று தெரியும். நான் இடப்பக்கமாக முறுக்குகிறவன்.

நிதாய்தாவைப் பிடித்து ஹாலைத் திறந்தேன். டிடெக்டரின் தலை மேஜையில் நோட்டீஸ் காகிதங்களுக்கு மேல் பேப்பர் வெயிட்டாக இருந்தது. கௌரவமான வேலைதான், டீ வாசனையும் பட்டுக்கொண்டிருந்திருக்கும். அதை எடுத்து மாட்டிவிட்டு, கீழே வந்து ரெசிஸ்டரை உருவினேன். பச்சை நிற்கவில்லை, மஞ்சள் எரிந்தது. இடையில் யாரோ ஏசி மெக்கானிக் கோச்சிங் சென்டரின் ஃபால்ஸ் சீலிங்கில் கம்பியையும் நறுக்கியிருக்க வேண்டும். என் ரெசிஸ்டர் பேனலின் கண்ணைக் கட்டியிருந்ததால் அது வாயே திறக்கவில்லை. ராமசேஷன் சாரிடம் போய் உள்ளபடி சொன்னேன்.

"பச்சையா எரிஞ்சுண்டிருந்ததே, அத ஏன்யா கிளறினே?"

"அந்தப் பச்சை பொய் சார். நான்தான் வச்சேன். அறுபது பிள்ளைங்க தலைக்கு மேல ஆறு டிடெக்டரும் சும்மா தொங்குது."

"ஞாயித்துக்கெழம ஏஜிஎம், அசோசியேஷன் வருஷக் கூட்டம். எலெக்ஷன் இருக்கு. அந்த மேடத்துக்குப் பரீட்சை சீசன் வேற. இப்பப் போய் சீலிங்கப் பிரிக்கறதாவது. திரும்ப மாட்டிடு, ஏஜிஎம் முடிஞ்சு பாத்துக்கலாம்."

"மாட்ட மாட்டேன் சார்."

"உனக்கு என்ன வந்துடுத்து இப்போ? போன தரம் நீதானே மாட்டினே?"

"அதனாலதான் சொல்லுதேன்."

பேனல் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸர் விட்டுவிட்டுக் கத்தியது. பெரிய சத்தமில்லை, குருவி மாதிரிதான். ஆனால் நிறுத்தாத குருவி. மூன்று நாளில் முதல் மாடி டாக்டரிலிருந்து ஐந்தாம் மாடி மாமி வரை எனக்கு போன் செய்துவிட்டார்கள். மாமி சொன்னார்: "ஏன்டாப்பா, இது தீ வந்தா கத்தும்னே, தீ வராததுக்கு இப்படிக் கத்தறதே!" எவ்வளவோ விளக்கம் சொல்லியும் புரிய வைக்க முடியாததை மாமி ஒரே வரியில் சரியாகப் பிடித்திருந்தார்.

மூன்றாம் நாள் சுமித்ரா மேடம் என்னைத் தேடி நேரில் வந்து நின்றார். கோபமாகத்தான் வந்தார். நாங்கள் பேசியது வங்காளத்தில். தமிழில் இப்படி வரும்.

"தாதா, என் பிள்ளைகள் மாக் டெஸ்ட் எழுதுகிறார்கள். உங்கள் பெட்டி சாகமாட்டேன் என்கிறதே!"

"மேடம், உங்கள் அறையில் இருக்கிற ஆறு டிடெக்டரும் அஞ்சு மாசமாகச் செத்துக் கிடக்கின்றன. பெட்டி அதைத்தான் அழுகிறது."

அவர் முகம் மாறியது. "யார் செய்தது?"

"நான்."

திட்டுவார் என்று நினைத்தேன். "மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை வகுப்பு இல்லை. ஏணியைக் கொண்டு வாருங்கள்" என்றார். செயலாளரை அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சீலிங் பிளேட்டைத் தூக்கினால், நறுக்கின கம்பி இரண்டு முனையும் விறைத்துக்கொண்டு நின்றது. சேர்த்து, கனெக்டர் போட்டு, ஆறு தலையையும் கழற்றித் துடைத்து, ஸ்டோர் ரூமில் இருந்த கடைசி டிடெக்டரில் பழைய ரெசிஸ்டரையும் மாற்றினேன். பிறகு ஆறுக்கும் ஒவ்வொன்றாக ஊதுபத்திப் புகை காட்டினேன். ஆறு தடவை ஹூட்டர். கீழே பச்சை விளக்கு. இந்தத் தடவை நிஜப் பச்சை. பேனல் சாவியை நிதாய்தாவிடம் கொடுக்காமல் மேடத்திடம் கொடுத்தேன். நிதாய்தாவின் விரலுக்கு சைலன்ஸ் பட்டன் மேல் அவ்வளவு பாசம்.

4. மாக் டெஸ்ட் கேன்சல்

அடுத்த மாதம் ஒரு பிற்பகல், நாலரை மணி. கோச்சிங் ஸ்டோர் ரூமில் ஏசி ஸ்டெபிலைசர் உள்ளுக்குள்ளேயே கருகி, பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய வினாத்தாள் கட்டுகளில் தீப் பற்றியது. கதவு சாத்தியிருந்தது. அறுபது பிள்ளைகளும் அடுத்த அறையில். புகை ஒருவர் மூக்குக்கும் எட்டவில்லை. கடைசி டிடெக்டருக்கு எட்டியது.

ஹூட்டர் கேட்டதும் நிதாய்தா வழக்கம்போல சைலன்ஸ் அமுக்கப் போனார். பேனல் கதவு பூட்டியிருந்தது. சாவி கேட்கத் திட்டிக்கொண்டே இரண்டாம் மாடிக்கு ஏறியவர், ஸ்டோர் ரூம் கதவின் அடியில் புகை வருவதைப் பார்த்தார். அவரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன், இதையும் சொல்ல வேண்டும்: அந்த மனிதர் திரும்பி ஓடவில்லை. மேடத்தோடு சேர்ந்து வரிசை வரிசையாகப் பிள்ளைகளை இறக்கினார். கடைசியில் அவர் இறங்கும்போது படிக்கட்டில் புகை இடுப்பு வரை தொங்கிக்கொண்டிருந்தது.

காளிகாட்டிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி வேலையை முடித்திருந்தது. ஸ்டோர் ரூம் கரி. அறுபது பேரும் எதிர் நடைபாதையில் ஜால்முரி என்கிற காரப் பொரி கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் மாடி மாமியின் பேத்தியும் அந்த வகுப்புதான். என்னைப் பார்த்து ஓடிவந்து கேட்டாள்:

"மாமா, மாக் டெஸ்ட் கேன்சல் தானே? பாக்கா?"

"பக்காம்மா" என்றேன். இதே தீ ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் யாருக்கு என்ன பதில் சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தேன். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

5. கிரானைட்

போன வாரம் லாபியில் கருப்பு கிரானைட்டில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். செயலாளரின் தொலைநோக்கு, கன்சல்டன்டின் வடிவமைப்பு, "டெக்னிக்கல் டீமின் ஒத்துழைப்பு". தொலைநோக்கு என்பது ஏஜிஎம் வரைக்கும் தெரிந்த அந்த நோக்குதான். வடிவமைப்பு என்பது இரண்டு சந்தேஷ். ராமசேஷன் சாரிடம் போனேன்.

"சார், டீம்ல எத்தன பேரு?"

"என்னய்யா கேள்வி இது? டெக்னிக்கல் டீம்னா நீதான்."

"அப்ப பேரப் போட்டுருங்க. நிதாய்தா பேரையும், மேடம் பேரையும் போடுங்க. கூடவே, அஞ்சு மாசம் ரெசிஸ்டரத் தப்பான எடத்துல வச்சதும் நான்தான்னு போடுங்க."

அவர் முகம் வெளுத்தது. "பைத்தியமா உனக்கு? அத எழுதினா, அன்னிக்கு சர்டிஃபிகேட் யார் குடுத்தா, யார் குடுக்கச் சொன்னான்னு வரும். உம் பேரு வராம இருக்கறது உனக்குத்தான்யா நல்லது."

அப்போதுதான் விளங்கியது. என் பெயரை அவர்கள் மறக்கவில்லை. என் பெயர் வந்தால் நான் செய்ததும் வரும், நான் செய்தது வந்தால் அவர்கள் செய்ததும் வரும். ஒரு டீம் என்று எழுதிவிட்டால் பல பேர் அதற்குள் வசதியாக ஒளிந்துகொள்ளலாம்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் விளக்கை அணைக்கச் சொல்லி உங்களையும் ஒருநாள் ஒருவர் கேட்பார். நல்ல மனிதராகத்தான் இருப்பார், டீயும் வாங்கித் தருவார். அணைக்காதீர்கள். அணைத்துவிட்டால், மறுநாள் ஹல்தியா போகாதீர்கள்.

அசோசியேஷனுக்குச் சொல்ல வேண்டியது இது. அந்தக் கிரானைட்டைக் கழற்றுங்கள். புதிதாக ஒன்று வெட்டுங்கள். அதில் இப்படி இருக்க வேண்டும்: "இந்தக் கட்டடத்தின் பேனலை மாட்டியவன், அதை ஐந்து மாதம் குருடாக்கியவன், பிறகு அதன் கண்ணைத் திறந்தவன்: சு. வேலாயுதம், ஆறாம் வகுப்பு." மூன்றையும் எழுத வேண்டும். ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் எனக்கு வேண்டாம்.